மூடாத தொட்டியும் உறங்கும் ஒட்டுண்ணியும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கொசுவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் சாக்கடையைத்தான் கை காட்டுவார்கள். தோல் ஷாப்புகளை ஒட்டி ஓடும் கழிவு வாய்க்கால், தெருமுனையில் தேங்கிய கறுப்புத் தண்ணீர், பாலாற்றங்கரையில் கொட்டிய குப்பை என்று வரிசையாகச் சொல்வார்கள். பொழுது சாயும் நேரத்தில் கதவைச் சாத்த வைக்கும் கொசுக்கூட்டம் அங்கிருந்து வருவது உண்மைதான். ஆனால் அது க்யூலெக்ஸ். தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். மனித மலேரியாவை அதனால் பரப்ப முடியாது. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு பிறப்பது வேறு இடத்தில். மாடித் தொட்டியிலும், தரைக்கு அடியில் கட்டிய சம்பிலும், கிணற்றிலும், நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்து வைத்திருக்கும் தெளிந்த நீரில் அது முட்டையிடுகிறது. நகராட்சி சாக்கடையில் மருந்தடித்துவிட்டுப் போன மறுநாள் 'மலேரியாவுக்கு மருந்தடிச்சாச்சு' என்று நிம்மதியடைகிறோம். கொசு தலைக்கு மேலே, மாடியில் இருக்கிறது.

மலேரியா ஆராய்ச்சிக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் பெரிய கண்டுபிடிப்புகள் பல இந்திய மண்ணில் நடந்தவை. சில தமிழ்நாட்டில் நடந்தவை. அந்த ஆராய்ச்சியை வேலூர் முதல் வாணியம்பாடி வரையுள்ள தோல் பட்டணங்களில் நின்றுகொண்டு பார்க்கும்போது, உலகம் கொண்டாடும் சில வெற்றிகள் இங்கே அவ்வளவாக உதவாது என்பதும், யாரும் கொண்டாடாத சில எளிய வேலைகள்தாம் இங்கே நோயை முடித்துவைக்கும் என்பதும் தெரிகிறது.

நிலவரம் நம்பிக்கையூட்டக்கூடியதே. 2015இல் இந்தியாவில் பதிவான மலேரியா நோயாளிகள் 11 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேல். 2023இல் அது 2 லட்சத்து 27 ஆயிரமாகக் குறைந்தது. இறப்புகள் 384இலிருந்து 83 ஆயின. மலேரியாச் சுமை மிகுந்த நாடுகளின் குழுவிலிருந்து இந்தியாவை உலக சுகாதார நிறுவனம் 2024இல் விடுவித்தது. 2027க்குள் உள்ளூர்ப் பரவலே இல்லாத நிலை, 2030க்குள் முழு ஒழிப்பு என்பது தேசிய இலக்கு. தமிழ்நாட்டில் அண்மைக் காலம் வரை எஞ்சிய நோயில் பெரும்பங்கு சென்னையுடையது. ஆனால் இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 2023க்கு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் மதிப்பிட்ட நோயாளிகள் சுமார் 20 லட்சம். பதிவானதற்கும் மதிப்பிட்டதற்கும் இடையிலுள்ள அந்தப் பெரிய இடைவெளியில், மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நோய் குறையக் குறைய, எஞ்சியிருப்பது இந்த இடைவெளியில்தான் ஒளிந்துகொள்ளும்.

தொட்டிக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1883இல் ரொனால்ட் ராஸ் பெங்களூரில் பணியாற்றிய இளம் ராணுவ மருத்துவர். தங்கியிருந்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்காமல் தேடியபோது, ஜன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்த்துவிடலாமே என்று அவர் கேட்டபோது, பொறுப்பிலிருந்த அதிகாரி இணங்கவில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது எவரும் நிரூபித்திருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, நீலகிரியின் சீகூர் பக்கம் ஆய்வுக்குப் போன ராஸுக்கே மலேரியா கண்டது. அதே ஆண்டு, 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியை அவர் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு முழுச் சுழற்சியையும் நிறுவினார். மனித மலேரியாவின் சுழற்சியை இத்தாலியில் கிராஸியின் குழு நிறுவியது. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் என் கணக்கில், பரிசு வாங்கித் தந்த அந்த நுண்ணோக்கிக் காட்சியைவிட, பெங்களூரில் கவிழ்த்த தொட்டிதான் இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான பாடம்.

அடுத்த பாடம் தஞ்சையில் இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை திறந்தது. அதன் நீர் கல்லணைக் கால்வாய் வழியாக, அதுவரை வானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குப் பாய்ந்தது. நெல்லோடு மலேரியாவும் வந்தது. அதற்கு முன் அங்கே மலேரியா பெரிய நோயாக இருந்ததில்லை. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் தம் குழுவோடு பட்டுக்கோட்டையில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். எந்த வாய்க்காலில், எந்தப் பள்ளத்தில் எந்த அனாபிலிஸ் பிறக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். வீட்டுச் சுவரில் அமர்ந்திருக்கும் கொசுவைப் பைரத்திரம் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துக் கொன்றால் கிராமத்தில் நோய் இறங்குகிறது என்பதை டி.டி.டி. பூச்சிமருந்து வருவதற்கு முன்பே அவர்கள் காட்டினார்கள். புழுவை மட்டும் தேடி அழித்த காலம் போய், நோயாளியைக் கடித்துவிட்டு வீட்டுக்குள் ஓய்வெடுக்கும் கொசுவைக் குறிவைக்கும் முறை வலுப்பெற இந்தத் தமிழ்நாட்டு ஆய்வும் ஒரு காரணம். பின்னாளில் உலகமே பின்பற்றிய சுவர்த் தெளிப்பின் வேர்களில் ஒன்று பட்டுக்கோட்டையில் இருக்கிறது என்பதை நம் பள்ளிப் பாடங்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

டி.டி.டி. கதை பலருக்கும் தெரிந்ததுதான். சுருக்கமாகச் சொன்னால் போதும். விடுதலையின்போது ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியாவும் 8 லட்சம் இறப்பும் இருந்த நாடு இது. 1953இல் டி.டி.டி. தெளிப்போடு தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது, 1958இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகச் சுருங்கினார்கள், இறப்பே பதிவாகவில்லை. அதன் பிறகு கண்காணிப்பு தளர்ந்தது, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, கொசு எதிர்ப்புத்திறன் பெற்றது. கிராமத்துச் சுவர்களில் தெளிக்கப் போட்ட திட்டம் நகரத்துத் தொட்டிகளைக் கணக்கில் எடுக்கவேயில்லை. 1976இல் 64 லட்சம் பேருக்கு மலேரியா. நகரங்களில் புழு ஒழிப்புக்கென்று தனித் திட்டம் 1971இல்தான் வந்தது. எண்ணிக்கை மிகக் குறைந்திருந்த ஆண்டுகளில் நடந்த அலட்சியத்துக்குப் பத்தே ஆண்டில் கொடுத்த விலை அந்த 64 லட்சம். இன்று நாம் மறுபடியும் அதே போன்ற குறைந்த எண்ணிக்கையில் நிற்கிறோம்.

பாலாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மலேரியாவைப் பரப்பும் இன்னொரு கொசு அனாபிலிஸ் க்யூலிசிஃபேசிஸ். நாட்டுப்புறத்துக் கொசு, வெயில் படும் தெளிந்த குட்டைகள் அதற்குப் பிடித்தவை. ஆறு பெருக்கெடுத்து ஓடும்போது அதற்கு இடமில்லை. நீர் வற்றி மணலில் அங்கங்கே குட்டை நிற்கும்போதுதான் பெருகும். 1934–35இல் இலங்கையில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் துண்டுபட்டபோது மூண்ட கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். நமக்குப் பக்கத்திலேயே தென்பெண்ணை இருக்கிறது. அந்த ஆற்றங்கரை ஊர்களில் மலேரியா விடாமல் நீடித்ததை ஆராய்ந்த தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று 1984இல் வெளியானது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் ஏராளம். 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்து வடிந்தால், அந்தப் பள்ளங்களில் நீர் வாரக்கணக்கில் நிற்கும். ஆற்று மணல் போனால் நிலத்தடி நீர் போகும் என்று பேசுகிறோம். பள்ளத்தில் நிற்கும் நீரில் எந்தக் கொசு பிறக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஆனாலும் இந்தப் பட்டணங்களின் முதன்மையான எதிரி ஸ்டீபன்சிதான். அதற்கு வழி செய்து கொடுத்ததில் தோல் தொழிலுக்கும் ஒரு மறைமுகப் பங்கு உண்டு என்பது என் கருத்து. குரோமியமும் உப்பும் சல்பைடும் கலந்த கழிவுநீரை ஸ்டீபன்சி நாடாது. ஆகவே டேனரிக் கழிவில் மலேரியா பிறக்கிறது என்று சொன்னால் தவறு. நடந்தது வேறு. கழிவு இறங்கி இறங்கிப் பாலாற்றுப் படுகையில் கிணற்று நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கெட்ட கிணறு நல்ல கிணறாக மாறவில்லை. வீட்டுக் கிணற்றில் இறைத்துக் குடித்த குடும்பம் குழாய்த் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் காத்திருக்கும் குடும்பமாயிற்று. தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத வீட்டில் சம்ப் இருக்கும், மாடியில் சின்டெக்ஸ் இருக்கும், வாசலில் நீல டிரம் இருக்கும், அடுப்படியில் குடங்கள் அடுக்கியிருக்கும். இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூர் நீரே குழாயில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் வருகிறது. அன்று திறந்த வாய்க்காலில் பட்டுக்கோட்டைக்குப் போன அதே நீர் இன்று மூடிய குழாயில் இங்கே வந்து, திறந்த தொட்டியில் தேங்குகிறது. நாள் தவறாமல் தண்ணீர் விட்டால் சேமிக்கும் தேவை குறையும். தொட்டி குறைந்தால் கொசு குறையும். தண்ணீர் விநியோகத்தைச் சரிசெய்வது மலேரியாத் தடுப்பு வேலையும்தான்.

இந்தக் கொசுவின் திறமையை ஆப்பிரிக்கா இப்போது அனுபவித்துத் தெரிந்துகொள்கிறது. தெற்காசியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் உரியதாக இருந்த ஸ்டீபன்சி 2012இல் ஜிபூட்டி துறைமுக நகரில் தென்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் பதிவான மலேரியா 27 பேருக்கு. 2020இல் 73,000க்கும் மேல். பிறகு எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா என்று பரவியது. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் மூண்ட பரவலுக்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கிராமத்து நோய் என்று எண்ணிக் கொசுவலை கொடுத்துவந்த நாடுகள் இப்போது நகரத்துத் தொட்டிகளை எப்படிக் கையாள்வது என்று இந்திய அனுபவத்தைக் கேட்கின்றன. நம்மிடம் சொல்வதற்கு அனுபவம் இருக்கிறது. அதை நாமே முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை.

தொட்டியில் பார்க்க வேண்டியது என்ன? மூடியை நகர்த்திவிட்டு டார்ச் வெளிச்சத்தை நீர்மட்டத்தில் சாய்வாக அடித்தால் புழுக்கள் தெரியும். தலைகீழாக, வால் நுனியிலுள்ள குழாயை மட்டும் நீர்ப்பரப்பில் நீட்டிச் சாய்ந்து தொங்கினால் அது க்யூலெக்ஸ் அல்லது டெங்கு பரப்பும் ஏடிஸ். நீர்ப்பரப்புக்கு இணையாக, கிழித்துப்போட்ட நூல்துண்டு போல் படுத்துக் கிடந்தால் அனாபிலிஸ். அதற்கு அந்த மூச்சுக்குழாய் கிடையாது. நிழல் பட்டதும் பின்பக்கமாக நழுவும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வந்து படுத்துக்கொள்ளும். முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஒன்றரை வாரம் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினால் எந்தக் கொசுவும் முழு வளர்ச்சி அடையாது. கழுவ முடியாத பெரிய தொட்டிக்கு அபேட் மருந்து. கிணற்றுக்குக் கம்பூசியாவோ கப்பி மீனோ. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருந்தி மூடும் மூடி. காற்றில் பறந்துபோன மூடிக்குப் பதிலாகத் தகரத்தையும் கல்லையும் வைத்திருப்பார்கள். அந்த இடுக்கு கொசுவுக்குத் தாராளம். தெருவில் புகை அடித்துக்கொண்டு போகும் வண்டி மக்களுக்கு ஆறுதல் தரும். ஆனால் தொட்டிக்குள் இருக்கும் புழுவை அந்தப் புகை தொடாது. டெங்குக் கொசுவும் பெரும்பாலும் இதே தொட்டி, டிரம்களில்தான் பிறக்கிறது. ஒரே மூடி இரண்டு நோயைத் தடுக்கும். நோய்க்கு நோய் தனித்தனியாகப் பிரசாரம் செய்து மக்களைக் குழப்புவது வீண்வேலை.

இனி நோயாளியின் பக்கம். காய்ச்சல் என்று வருகிறவருக்கு என்ன நோய் என்பதில் வேலூருக்குச் சொந்தமான நல்ல ஆய்வு ஒன்று உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காரணம் புலப்படாத காய்ச்சலோடு சேர்ந்த 398 பெரியவர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஸ்க்ரப் டைஃபஸ் 47.5 விழுக்காடு, அடுத்து மலேரியா 17.1, டைபாய்டு 8, டெங்கு 7, எலிக்காய்ச்சல் 3. புதர்களிலும் புல்வெளிகளிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் முதலிடத்தில் இருந்தது அன்று பல மருத்துவர்களை வியக்க வைத்தது. ஆனால் ஆறில் ஒருவருக்கு மலேரியா என்பதும் சிறிய செய்தி அல்ல. எல்லாக் காய்ச்சலும் ஒரே மாதிரி குளிரும் நடுக்கமுமாகத் தொடங்கும் ஊரில், ரத்தத்தைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது குருட்டு வைத்தியம்.

ரத்தத்தைப் பார்ப்பதும் ஒரு கலை. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடிச் சில்லில் தடித்த படலமாகவும் மெல்லிய படலமாகவும் தடவுகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் ஜே.எஸ்.பி. சாயம், 1940களில் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் மலிவாக, விரைவாக, இந்திய வெப்பத்தில் கெடாமல் இருக்கும்படி உருவாக்கியது. எண்ணெய் வில்லையின் கீழே குறைந்தது நூறு புலங்களையாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுத வேண்டும். மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் வைவாக்ஸ் என்றால் பெருத்துப்போன சிவப்பணுவும் அதில் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் தெரியும். ஃபால்சிபாரம் என்றால் மெல்லிய மோதிரங்கள், பிறை வடிவங்கள். மாதக்கணக்கில் ஒரு நோயாளியும் வராத ஆய்வகத்தில் இந்தக் கண் மங்கிவிடும். நோய் ஒழிகிற காலத்தில்தான் ஆய்வக ஊழியருக்குத் தொடர்ந்த பயிற்சி அதிகம் தேவைப்படுகிறது. அதற்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. விரைவுச் சோதனைப் பட்டைகள் கைகொடுக்கின்றன. ஆனால் ரத்தத்தில் ஒட்டுண்ணி மிகச் சிலவே இருந்தால் அவை தவறவிடும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ். இந்த ஒட்டுண்ணிதான் ஆராய்ச்சியாளரை அதிகம் சோதித்தது. ஃபால்சிபாரத்தை 1976இல் டிராகரும் ஜென்சனும் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கக் கற்றார்கள். வைவாக்ஸை அப்படி வளர்க்க இன்றுவரை முடியவில்லை. இளம் சிவப்பணுக்களை மட்டுமே அது நாடும். 1980களின் தொடக்கத்தில் கிராடோஸ்கி குழு கண்டறிந்தது இன்னும் முக்கியமானது. வைவாக்ஸின் ஒரு பகுதி கல்லீரல் உயிரணுக்களில் உறங்கும் வடிவமாகத் தங்கிவிடுகிறது. குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும்; காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டுவிடும். கல்லீரலில் உறங்குவது சில வாரத்திலோ பல மாதம் கழித்தோ விழித்து மறுபடி ரத்தத்துக்கு வரும். புதிதாகக் கொசு கடிக்கவே தேவையில்லை. இன்னொரு சிக்கல், கொசுவுக்குத் தொற்றும் பாலின வடிவங்கள் வைவாக்ஸில் ஆரம்பத்திலேயே தோன்றிவிடும். நோயாளி மருத்துவரிடம் போகுமுன்பே அவர் ரத்தம் கொசுவுக்கு விதை கொடுத்திருக்கலாம்.

உறங்கும் வடிவத்தைக் கொல்ல நம் கையில் இருப்பது பிரைமாகுயின், 1950களின் தொடக்கத்திலிருந்து. இந்திய வழிமுறைப்படி 14 நாள் தொடர்ந்து விழுங்க வேண்டும். கருவுற்றவர்களுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே வேளையில் முடிந்துவிடும் தஃபனோகுயினுக்கு அமெரிக்கா 2018இல் ஒப்புதல் தந்தது. அது உடலில் நெடுநாள் தங்குவதால், நொதியின் அளவைத் துல்லியமாக அளக்காமல் கொடுக்கவே கூடாது. ஆக, மருந்து எதுவானாலும் அதன் முன்வாசலில் ஜி6பிடி சோதனை நிற்கிறது. தடுப்பூசிக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தச் சோதனையைத் தாலுகா மருத்துவமனை வரை கொண்டுவருவதற்குக் கிடைத்திருந்தால், வைவாக்ஸ் நாடுகளின் கதை வேறாக இருந்திருக்கும். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து இருக்கிறது. சீனத்தின் து யூயூ 1970களில் கண்டெடுத்து, 2015இல் நோபல் பெற்ற மருந்து. கம்போடியாவில் தொடங்கி இப்போது ருவாண்டா, உகாண்டாவிலும் அதற்கு எதிர்ப்புத்திறன் தெரிவது கவலைக்குரியது.

ஒட்டுண்ணி இங்கே எப்படி வந்து சேர்கிறது? கௌகாத்தியிலிருந்தும் ஹவுராவிலிருந்தும் வரும் ரயில்கள் காட்பாடியில் நிற்கின்றன. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று பல ஊர்க்காரர்கள் வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து, மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்து, ஓர் அறையில் பல பேராகத் தங்குகிறார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒருவர் உடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அவருக்கே அது தெரிந்திருக்காது. இதை வைத்து 'வடநாட்டுப் பிள்ளைகள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள்' என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை. நோயை அவர்கள் விரும்பிச் சுமக்கவில்லை. அவர்கள் உழைப்பில் நம் ஊர் ஏற்றுமதி நடக்கிறது. மேலும் ஒருவர் ரத்தத்தில் வந்த ஒட்டுண்ணி இன்னொருவருக்குப் போக, நம் ஊர்க் கொசு வேண்டும். அது லாட்ஜின் மாடித் தொட்டியிலும் தொழிலாளர் விடுதியின் சம்பிலும் பிறந்தது. அந்தத் தொட்டிகளின் உரிமையாளர்கள் உள்ளூர்க்காரர்கள். கொசு முறையாக ஒழிக்கப்பட்ட ஊரில், வெளியூர் மலேரியா அந்த ஒருவரோடு நின்றுவிடும். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கு விதிகள் உண்டு. வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் ஒட்டுவதில் காட்டும் வேகத்தை, பெரிய விடுதிகளிடமும் தொழிற்சாலைகளிடமும் காட்ட வேண்டும்.

தடுப்பூசி வந்துவிட்டதே, இன்னும் என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. ரூத் நுஸன்ஸ்வெய்க் 1967இல் கதிர்வீச்சால் வலுவிழந்த ஒட்டுண்ணிகளைச் செலுத்தி எலிகளைக் காத்த நாளிலிருந்து நீண்ட பயணம் அது. ஆர்.டி.எஸ்.எஸ். தடுப்பூசியை 2021இலும், ஆக்ஸ்போர்டு வடிவமைத்துப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியை 2023இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் நோய் பரவும் பகுதிகளில், பருவத்துக்கு முன் ஊசி போட்டபோது, ஆர்21 முதல் ஆண்டில் 75 விழுக்காடு அளவுக்குக் காத்தது. 2023இல் மட்டும் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000. பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அவர்களுக்கு இது உயிர்காக்கும் ஊசி, இந்தியத் தொழிற்சாலையில் தயாராவது நமக்குப் பெருமை. ஆனால் இரண்டுமே ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை. வைவாக்ஸை அவை தடுக்காது. எனவே வேலூருக்கும் ஆம்பூருக்கும் அவற்றால் பயன் சொற்பம். வைவாக்ஸுக்கான தேடலில் டெல்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையத்தில் உருவான ஒரு புரதம் நம்பிக்கை தருகிறது. ஆக்ஸ்போர்டில் தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே தொற்று ஏற்றிச் சோதித்தபோது, ஒட்டுண்ணி பெருகும் வேகத்தை அது ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. அது ஊசியாக ஊருக்கு வர இன்னும் காலம் பிடிக்கும். ஒட்டுண்ணியை ஏற்க மறுக்கும் மரபணுவைச் சந்ததி முழுவதும் பரப்பும் உத்தியைக் கலிபோர்னியாவில் 2015இல் சோதித்ததும் ஸ்டீபன்சியிடம்தான். ஊருக்குள் விடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் நிறைய உண்டு.

இலங்கை 2012க்குப் பிறகு உள்ளூர் மலேரியா இல்லாமல், 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. 1963இல் 17 நோயாளிகள் வரை குறைத்துவிட்டு, அந்தத் தசாப்தம் முடிவதற்குள் மீண்டும் லட்சக்கணக்கான நோயாளிகளைக் கண்ட நாடு அது. இரண்டாம் முறை விட்டுவிட அவர்கள் தயாராக இல்லை. சான்று கிடைத்த சில மாதங்களிலேயே மன்னாரில் ஸ்டீபன்சி தென்பட்டது. நோயாளி ஒருவர்கூட இல்லாத நிலையிலும் கிணறு கிணறாகத் தேடத் தொடங்கினார்கள். அதே விழிப்பு இங்கேயும் வேண்டும். வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. தோல் பட்டணங்கள் மூன்றிலும் சிதறிக் கிடக்கின்றன. தொழிலாளி தங்குவது ஒரு மாவட்டம், வேலை செய்வது இன்னொன்று, காய்ச்சலுக்கு வருவது மூன்றாவதில். மூன்று மாவட்டங்களும் நோயாளி விவரத்தையும் கொசு ஆய்வு விவரத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லாத வேலை.

அதோடு பிரைமாகுயின் விழுங்க வேண்டிய அந்த 14 நாள். ஷூ கம்பெனியில் நாளொன்றுக்கு இத்தனை ஜோடி என்று கணக்குக் கொடுக்கும் ஒரு பெண், காய்ச்சல் விட்ட நாலாம் நாள் மாத்திரையை மறந்துவிடுவாள்; வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும், அதனால் வேண்டுமென்றே விடுவதும் உண்டு. பெரிய கம்பெனிகளில் முதலுதவி அறையும் செவிலியரும் இருக்கிறார்கள், இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது. மலேரியா உறுதியானவருக்கு முதல் நாளே ஜி6பிடி பார்த்து, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செவிலியர் முன்னால் மாத்திரையை விழுங்கச் சொல்லி, அட்டையில் குறித்து, மாதக் கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க முடியும். சொந்த ஊருக்கு நடுவில் கிளம்புகிறவர் கையில் மீதி மாத்திரையோடு ஒரு சீட்டும், அந்த ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒரு தகவலும் போக வேண்டும். மருந்தகத்துக்குப் போய்வரும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.